சென்னையும் மும்பையும்: ஏலக் கூடத்தில் எழுந்த போட்டி

சென்ற இதழை 1973-ல் நிறுத்தியிருந்தோம். சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம். வெங்கட்ராகவன், வி.வி.குமார் என்ற இரண்டு பெரிய சுழல் பந்துவீச்சாளர்களை நம்பித் தமிழ்நாடு இறங்கியது. பந்து நன்றாகவே சுழன்றது. ஆனால் அதில் அறுவடை செய்தவர் பம்பாயின் பத்மாகர் ஷிவால்கர். முதல் இன்னிங்ஸில் 16 ரன் கொடுத்து 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன் கொடுத்து 5. பம்பாய் 151, 113. தமிழ்நாடு 80, 61. மூன்றாம் நாளின் முதல் பந்தோடு ஆட்டம் முடிந்தது. பம்பாய்க்கு அது தொடர்ந்து 15-வது கோப்பை.

அதன் பிறகும் கதை மாறவில்லை. 2002-03, 2003-04 என்று அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் தமிழ்நாடு ரஞ்சி இறுதிக்கு வந்தது. இரண்டு முறையும் எதிரே நின்றது மும்பை, இரண்டு முறையும் கோப்பை மும்பைக்கே போனது. இன்றைய கணக்கில் மும்பையிடம் 42 ரஞ்சிக் கோப்பைகள். நம்மிடம் இரண்டு: 1954-55, 1987-88.

இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் 2008-க்குள் நுழைய வேண்டும். ஐபிஎல்லையெல்லாம் வரலாற்றில் சேர்க்கலாமா என்று பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். சேர்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன். முதல் ஐபிஎல் நடந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து பிளஸ் டூ வரை வந்துவிட்டார்கள். சென்னீர்குப்பம், நசரத்பேட்டை பக்கம் காலி மனைகளில் ஞாயிற்றுக்கிழமை ஸ்டம்ப் நடுகிற பையன்களுக்குக் கிரிக்கெட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மஞ்சளும் நீலமும்தான். திருமழிசை சிட்கோவில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் இளைஞர்கள் தோனிக்காக மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நம் பையன்களோடு சேர்ந்து கத்துகிறார்கள். இவ்வளவு பேரின் நினைவில் ஊறிய ஒன்றை வரலாற்றிலிருந்து எப்படித் தள்ளிவைப்பது?

அமெரிக்கர்கள் தங்கள் கால்பந்தில் கிரீன் பே பேக்கர்ஸ், சிகாகோ பேர்ஸ் அணிகளின் மோதலை 1921 முதல் எண்ணி வருகிறார்கள். 200 ஆட்டங்களுக்கு மேல் ஆகிவிட்டது. தாத்தா பேரனுக்குக் கைமாற்றும் சொத்து அது. நம் கணக்கு அவ்வளவு நீளமில்லை. 2025 பருவம் முடிந்தபோது ஐபிஎல்லில் சென்னையும் மும்பையும் மோதியவை 39 ஆட்டங்கள். மும்பை 21, சென்னை 18. ஆளுக்கு ஐந்து கோப்பைகள். ரஞ்சியில் 42-க்கு இரண்டு என்றிருந்த இடைவெளி இங்கே ஐந்துக்கு ஐந்து ஆகிவிட்டது. எப்படி?

பதில் மைதானத்தில் இல்லை, ஏலக் கூடத்தில் இருக்கிறது. 2008 ஜனவரியில் அணிகளே ஏலம் போயின. மும்பையை ரிலையன்ஸ் 11.19 கோடி டாலருக்கு எடுத்தது. சென்னையை இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு எடுத்தது. முதலாளிகளின் பணபலம் சமமல்ல. ஆனால் பிப்ரவரி 20 அன்று வீரர்கள் ஏலம் தொடங்கியபோது ஒவ்வோர் அணிக்கும் உச்சவரம்பு ஒன்றுதான்: 50 லட்சம் டாலர். பணக்காரன், ஏழை எல்லோருக்கும் ஒரே பை. அமெரிக்கக் கால்பந்தில் இதே நோக்கத்துக்காக 1936 முதல் வேறொரு முறை இருக்கிறது. கடைசி இடத்தில் முடித்த அணிக்குத்தான் புதிய வீரர்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை. பலம் ஒரே இடத்தில் குவியாமல் பார்த்துக்கொள்ளும் வழிகள் இவை.

அந்த ஏலத்தில் இன்னொரு விதியும் இருந்தது. மும்பைக்கு டெண்டுல்கர், கொல்கத்தாவுக்கு கங்குலி, பெங்களூருக்கு டிராவிட், டெல்லிக்கு சேவாக், மொகாலிக்கு யுவராஜ் என்று ஐந்து பேரை நட்சத்திர வீரர்களாக அறிவித்து, ஏலத்துக்கு வெளியே அந்தந்த ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். அந்த அணி வாங்கும் மிக விலை உயர்ந்த வீரரைவிட 15 விழுக்காடு கூடுதலாக நட்சத்திரத்துக்குத் தர வேண்டும். தமிழ்நாட்டுக்கு அப்படி ஒருவர் இல்லை. அன்றைக்கு அது குறையாகவே தெரிந்தது. அந்த ஐந்து ஊர்களுக்கும் ஒரு முகம் இருக்க, நமக்கு இல்லையே என்று பேசிக்கொண்டோம்.

தோனியின் பெயர் வந்தது. அவருடைய ராஞ்சிக்கு அணி கிடையாது. விலை ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் சென்னையும் மும்பையும் மட்டும் மிஞ்சின. 15 லட்சம் டாலரில் மும்பை நின்றுவிட்டது. ஏன் என்று கூட்டிப் பார்த்தால் தெரியும். 15 லட்சத்துக்கு தோனியை வாங்கினால் டெண்டுல்கருக்கு 17.25 லட்சம் தர வேண்டும். இரண்டு பேருக்கே 32.25 லட்சம் போய்விடும், மிச்சமிருக்கும் 17.75 லட்சத்தில் மொத்த அணியையும் கட்ட வேண்டும். சென்னைக்கு அந்தச் சுமை இல்லை. நட்சத்திரம் இல்லாததாலேயே தோனி கிடைத்தார். ரஞ்சியில் மும்பையோடு மல்லுக்கட்ட முடியாமல் போனதற்கும், நமக்கென்று ஒரு டெண்டுல்கர் உருவாகாததற்கும் வேர் ஒன்றுதான். அந்த இல்லாமையே 2008-ல் நமக்கு வரவானது.

அன்று சென்னையின் தரப்பில் ஏலக் கூடத்தில் திட்டம் வகுத்தவர் வி.பி.சந்திரசேகர், தமிழ்நாட்டின் முன்னாள் தொடக்க ஆட்டக்காரர். 2019 ஆகஸ்டில் அவர் மறைந்தார். சென்னை அணியின் வரலாற்றில் அவர் பெயரைத் தோனிக்கு முன்னால் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

தோனியை விட்ட மும்பை சனத் ஜெயசூர்யாவை 9.75 லட்சத்துக்கு எடுத்தது. அதன்படி டெண்டுல்கருக்கு 11,21,250 டாலர். அந்த முடிவின் விளைவைச் சென்னை இரண்டாவது மோதலிலேயே பார்த்தது. 2008 ஏப்ரல் 23 அன்று சேப்பாக்கத்தில் நடந்த முதல் மோதலில் ஹேடன் 81 அடிக்க, சென்னை 208 எடுத்து 6 ரன்னில் வென்றது. காயத்தால் டெண்டுல்கர் ஆடவில்லை. ஹர்பஜன் தலைமை தாங்கினார். மூன்று வாரம் கழித்து வான்கடேவில் சென்னையின் 156 ரன்னை மும்பை 14 ஓவருக்குள் தாண்டியது. ஜெயசூர்யா 48 பந்தில் ஆட்டமிழக்காமல் 114. பதினொரு சிக்சர்.

2010 ஏப்ரல் 25. நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் மைதானத்தில் இறுதி ஆட்டம். அந்த ஆண்டு சென்னை அரையிறுதிக்கு வந்ததே பெரும்பாடு. தர்மசாலாவில் பஞ்சாபுக்கு எதிராக தோனி கடைசி ஓவரில் தேவைப்பட்ட 16 ரன்னை எடுத்து முடித்து, தன் ஹெல்மெட்டைத் தானே குத்திக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். இறுதியில் சென்னை 168. ரெய்னா 35 பந்தில் 57. கையில் தையலோடு ஆடிய டெண்டுல்கர் 48 எடுத்துப் போராடினார். அவர் போன பிறகு போலார்ட் வந்தார், 10 பந்தில் 27 அடித்தார். சென்னை ரசிகர்களுக்கு மூச்சு நின்றது. அப்போது தோனி ஹேடனைப் பந்துவீச்சாளருக்குப் பின்னால், ஏறக்குறைய நேர்கோட்டில், வட்டத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த இடத்தில் யாரும் ஆள் வைப்பதில்லை. போலார்ட் நேராக அடிப்பவர் என்று தெரிந்து வைத்த ஆள் அது. ஆல்பி மார்க்கல் பந்தை வீச, போலார்ட் நேராக அடிக்க, அது ஹேடன் கைக்கே போனது. 22 ரன்னில் சென்னைக்கு முதல் கோப்பை.

அந்தப் பதினொருவரின் பட்டியலை இன்று எடுத்துப் பார்க்கையில் வேறொன்று கண்ணில் படுகிறது. முரளி விஜய், பத்ரிநாத், அனிருத்தா ஸ்ரீகாந்த், அஸ்வின் என்று நான்கு தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள். கூடவே கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன். டிவிஷன் லீக்கில் ஆடிய நம் பிள்ளைகள் மும்பை மண்ணில் போய் மும்பையை வென்றார்கள். 1973-ஐப் பார்த்த தலைமுறைக்கு அந்த இரவு என்னவாக இருந்திருக்கும்!

அடுத்த ஆண்டுகளில் அடி மாறி மாறி விழுந்தது. 2012 மே 6 அன்று வான்கடேவில் மும்பைக்குக் கடைசி மூன்று பந்தில் 14 ரன் தேவை. ஹில்ஃபென்ஹாஸ் பந்தில் டுவைன் ஸ்மித் 6, 4, 4 அடித்து முடித்துவிட்டார். அதே மாதம் பெங்களூரில் நடந்த வெளியேற்றும் சுற்றில் தோனி 20 பந்தில் 51 அடித்து மும்பையை வீட்டுக்கு அனுப்பினார். 2013-ல் இரண்டு ஆட்டங்கள் ஒரு பக்கமாகவே சாய்ந்தன. வான்கடேவில் சென்னை 79-க்குச் சுருண்டது. டெல்லியில் முதல் தகுதிச் சுற்றில் ஹஸ்ஸியும் ரெய்னாவும் வெளுத்துக்கட்ட, சென்னை ஒரு விக்கெட்டுக்கு 192 எடுத்து 48 ரன்னில் வென்றது.

ஆனால் 2013 மே 26 அன்று ஈடன் கார்டனில் நடந்த இறுதியைச் சென்னைக்காரர்கள் நினைக்க விரும்புவதில்லை. இரண்டு நாள் முன்புதான் சூதாட்டப் புகாரில் அணி நிர்வாகத்தோடு தொடர்புடைய குருநாத் மெய்யப்பன் கைதாகியிருந்தார். போலார்ட் 32 பந்தில் 60 அடிக்க, மும்பை 148. அது பெரிய இலக்கே அல்ல. மலிங்கா முதல் ஓவரிலேயே ஹஸ்ஸியையும் ரெய்னாவையும் அடுத்தடுத்த பந்தில் எடுத்தார். தோனி மட்டும் கடைசி வரை நின்று 63 எடுத்தார். 23 ரன்னில் தோல்வி. வென்ற அணியில் நம் சென்னையின் தினேஷ் கார்த்திக் இருந்தார், அந்தப் பருவத்தில் அவர் அடித்தது 510 ரன். 2015-ல் அதே ஈடன் கார்டனில் மறுபடியும் இறுதி. ரோகித் 50, சிம்மன்ஸ் 68. மும்பை 202. இம்முறை 41 ரன் வித்தியாசம்.

அந்த ஜூலையில், 2013 சூதாட்டப் புகாருக்காக லோதா குழு சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டாண்டு தடை விதித்தது. தோனி புனே அணிக்குப் போனார். 2017-ல் அந்தப் புனே, மும்பையை லீக்கில் இரண்டு முறையும் முதல் தகுதிச் சுற்றில் ஒரு முறையும் தோற்கடித்தது. தகுதிச் சுற்றில் 16 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனவர் 17 வயது வாஷிங்டன் சுந்தர், சென்னைப் பையன். இறுதியில் மட்டும் மும்பை ஒரே ஒரு ரன்னில் வென்றது. மஞ்சள் சட்டை இல்லாத காலத்திலும் இந்தப் போட்டி வேறு பெயரில் நடந்துகொண்டுதான் இருந்தது.

2018 ஏப்ரல் 7 அன்று, திரும்பி வந்த சென்னைக்கு முதல் ஆட்டமே வான்கடேவில். மூன்று ஓவரில் 47 ரன் வேண்டும். கையில் ஆள் இல்லை. பிராவோ மெக்லெனகன் ஓவரில் 20, பும்ரா ஓவரில் 20 எடுத்துவிட்டு அவுட் ஆனார். தொடைத் தசை பிடித்து உள்ளே போயிருந்த கேதார் ஜாதவ் நொண்டிக்கொண்டே வந்து ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி. ஒரு விக்கெட், ஒரு பந்து மிச்சம். அதன்பின் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கம் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. இருந்தும் கோப்பை நம்முடையதானது.

இனி 2019. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நடப்புச் சாம்பியனின் ஊரில் இறுதி ஆட்டம் என்பது வழக்கம். எனவே அது சேப்பாக்கத்தில் நடக்க வேண்டியது. ஆனால் மைதானத்தின் ஐ, ஜே, கே என்ற மூன்று மாடங்கள், சுமார் 12,000 இருக்கைகள், கட்டட அனுமதிச் சிக்கலால் 2012 முதல் பூட்டிக் கிடந்தன. திறக்க அனுமதி கிடைக்கவில்லை. கிரிக்கெட் வாரியம் இறுதியை ஹைதராபாத்துக்கு மாற்றியது. தகுதிச் சுற்று மட்டும் சேப்பாக்கத்தில் நடந்தது, அதிலும் சூர்யகுமார் 71 அடித்து மும்பையை வெல்ல வைத்தார். உண்மையைச் சொன்னால் சேப்பாக்கம் அப்போது மும்பைக்குத்தான் ராசியான இடம். 2012 முதல் 2019 வரை அங்கே நடந்த ஐந்து ஆட்டங்களிலும் மும்பையே வென்றது. ஆனாலும் சொந்த ஊரில் நடக்க வேண்டிய இறுதியை ஒரு பூட்டு பறித்துக்கொண்டது என்ற ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

மே 12, ஞாயிறு இரவு. குமணன்சாவடியில் ஒரு டி.வி. கடை வாசலில் நடைபாதை முழுக்கக் கூட்டம். டூவீலரை ஸ்டாண்டு போடாமல் ஒரு காலை ஊன்றி நின்றவர்கள், பார்சல் பையோடு நின்றவர்கள், பஸ்ஸை விட்டுவிட்டு நின்றவர்கள். நானும் அதில் ஒருவன். மும்பை 149. வாட்சன் ஒற்றையாளாகத் துரத்திக்கொண்டிருந்தார். தோனியை இஷான் கிஷன் நேராக எறிந்து ரன் அவுட் ஆக்கினார். மூன்றாம் நடுவர் திரும்பத் திரும்பப் பார்த்துக் கொடுத்த தீர்ப்பை இன்றும் ஒப்புக்கொள்ளாதவர்கள் பூந்தமல்லியில் உண்டு. வாட்சனின் இடது முழங்காலில் பேன்ட் சிவப்பாக நனைந்திருந்தது. அது ரத்தம் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. ஆட்டம் முடிந்து ஆறு தையல் போட்டதை ஹர்பஜன் சொல்லித்தான் ஊருக்கே தெரிந்தது.

கடைசி ஓவரில் 9 ரன். பந்து மலிங்கா கையில். முந்தைய மூன்று ஓவரில் 42 ரன் கொடுத்திருந்தவர். இருந்தும் ரோகித் அவரையே நம்பினார். 1, 1, 2. நான்காவது பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடிய வாட்சன் 80-ல் ரன் அவுட். ஐந்தாவதில் சார்துல் தாக்கூர் 2 எடுத்தார். கடைசிப் பந்தில் 2 வேண்டும். மலிங்கா வேகத்தைக் குறைத்தார். தாக்கூரின் கால் காப்பில் பந்து பட, நடுவர் விரலை உயர்த்தினார். ஒரு ரன். கூட்டத்தில் யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராக வண்டியை உதைத்துக் கிளம்பினார்கள்.

அன்று ஆடிய பதினொருவரில் ஒரு தமிழ்நாட்டு வீரர்கூட இல்லை. 2010-ல் நான்கு பேர். ஒன்பது ஆண்டில் பூஜ்யம். மும்பையோடு சமமாக நிற்க ஏலமும் உச்சவரம்பும் வழி செய்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சமத்துவத்தில் நம் ஊர்ப் பையனின் பங்கு தேய்ந்துகொண்டே போனதை மஞ்சள் கொண்டாட்டத்தில் நாம் கவனிக்கவில்லை. போரூர் ராமச்சந்திரா மைதானத்தில் காலை வெயிலில் பந்துவீசிப் பழகும் பையனுக்கு அந்த மஞ்சள் சட்டை எட்டாத தூரத்தில் இருக்கிறது என்றால், அதைப் பேசாமல் இருப்பது சரியல்ல.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2020-ல் ஷார்ஜாவில் மும்பைக்குப் பத்து விக்கெட் வெற்றி. 2021 மே 1 அன்று டெல்லியில் சென்னை 218 எடுத்தும், போலார்ட் 34 பந்தில் 87 அடித்துக் கடைசிப் பந்தில் பறித்தார். 2022-ல் உனத்கட் வீசிய கடைசி நான்கு பந்தில் தோனி 6, 4, 2, 4. அந்தப் பருவத்தில் மும்பை பத்தாம் இடம், சென்னை ஒன்பதாம் இடம். 2023 மே 6 அன்று பதிரானா 15 ரன்னுக்கு 3 விக்கெட் எடுக்க, 2010-க்குப் பிறகு முதல் முறையாகச் சேப்பாக்கத்தில் மும்பையைச் சென்னை வென்றது. பூட்டிக் கிடந்த மாடங்களிலும் அப்போது ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஐந்தாவது கோப்பை. 2024-ல் வான்கடேவில் பாண்டியாவை தோனி தொடர்ந்து மூன்று சிக்சர் அடித்து 4 பந்தில் 20 எடுத்தார். ரோகித் சதம் அடித்தும் மும்பை தோற்றது சரியாக அந்த 20 ரன்னில். 2025-ல் ஆளுக்கு ஒன்று: சேப்பாக்கத்தில் சென்னை, வான்கடேவில் மும்பை. சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது.

2025 வரையிலான கணக்கு இது: நான்கு இறுதிகளில் மும்பை மூன்று, சென்னை ஒன்று. சேப்பாக்கத்தில் மட்டும் ஒன்பது ஆட்டம், மும்பை 5, சென்னை 4.

ரஞ்சிக் கணக்கும் ஐபிஎல் கணக்கும் ஒரே மாதத்தில் அருகருகே வந்தது 2024 மார்ச்சில். மும்பை பி.கே.சி. மைதானத்தில் ரஞ்சி அரையிறுதி. சாய் கிஷோர் தலைமையில் வந்த தமிழ்நாடு முதலில் 146-க்குச் சுருண்டாலும், அவர் சுழலில் மும்பையை 7 விக்கெட்டுக்கு 106 என்று மடக்கிப் போட்டார். சாய் கிஷோர் சென்னை அணியில் சில பருவங்கள் இருந்தவர்; ஓர் ஆட்டத்திலும் இறக்கப்படவில்லை. அந்த நிலையில் மட்டையோடு வந்து 109 அடித்து ஆட்டத்தைப் புரட்டியவர் சார்துல் தாக்கூர். அவருடைய முதல் முதல்தர சதம் அது. மும்பை 378, தமிழ்நாடு இரண்டாவது இன்னிங்ஸில் 162. இன்னிங்ஸ், 70 ரன் வித்தியாசம். அடுத்த வாரம் மும்பை தன் 42-வது கோப்பையை எடுத்தது. மார்ச் 22 அன்று சேப்பாக்கத்தில் ஐபிஎல் தொடங்கியபோது தாக்கூர் சென்னை அணியின் பட்டியலில் இருந்தார்.

அடுத்த இதழில்: 1988-ல் ரயில்வே அணியை வீழ்த்தித் தமிழ்நாடு தன் இரண்டாவது ரஞ்சிக் கோப்பையை எடுத்த கதை.

(தொடரும்)